சம்பந்தி ஊருக்கு ஒரு முதலை

என் கல்யாணத்தில் குறுக்கே வந்தது ஒரு முதலை என்று சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. செவ்வாய் தோஷம், நாத்தனார், நகை, ஒன்றுவிட்ட சித்தப்பாவை முறையாக அழைக்காதது என்று கல்யாணம் நின்றுபோவதற்கு நம் பக்கத்தில் எத்தனையோ கௌரவமான காரணங்கள் உண்டு. எனக்கு வாய்த்தது நாலு காலும் ஒரு வாலும். ஆனால் முதலையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது பாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது. கோபமெல்லாம் அதற்கு மாலை போட்ட என் அப்பாவின் மேல்தான்.

நான் சத்யப்பிரியா. கடலூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க மஞ்சக்குப்பத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பேன், சனிக்கிழமையானால் ஊருக்குப் போவேன். ஊர், சிதம்பரத்துக்குத் தெற்கே பழைய கொள்ளிடக் கரையில் இருக்கிற நாணல்படுகை. முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவள் என்பதால் ஊரில் எனக்கென்று தனி மரியாதை உண்டு. எதிரே வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுத்தான் போவார்கள்.

பெண் பார்க்க வந்தவர்களைப் பற்றி எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும். ஒருவர் வேலையை விடச் சொன்னார். இன்னொருவர் வேலையை விடக் கூடாது, சம்பளத்தை அவர் அம்மாவிடம் கொடுக்க வேண்டும் என்றார். மூன்றாமவர் என்னைப் பார்க்கவே இல்லை, வந்ததிலிருந்து போகிறவரைக்கும் கிரிக்கெட் ஸ்கோரைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகு வந்தவர் சேரன். சிதம்பரத்தில் கரண்ட் ஆபீஸில் ஒயர்மேன். திருவந்திபுரம் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பெரியவர்கள் எல்லாம் பிரகாரத்தில் ஜாதி ஜனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் என் பக்கம் திரும்பி, "காலைல பஸ்ல ஒக்கார எடம் கெடைக்குதாங்க?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் ஒருத்தனாவது என்னிடம் அதைக் கேட்டிருப்பானா? எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய ஊர் தும்பையேரி. சிதம்பரத்துக்கு மேற்கே, ஏரியும் ஊரும் ஒரே பெயரில் இருக்கும். அப்பா இல்லை. அம்மா சின்னம்மாள் இரண்டு எருமை வைத்திருக்கிறார், ஏரியில் இறங்கித் தாமரை பறித்துச் சிதம்பரம் பூக்கடைகளுக்குக் கொடுக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு நான் தும்பையேரியில் இருந்துகொண்டு கடலூருக்குத் தினமும் போய்வருவது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் இருந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்கவில்லை. தை பிறந்ததும் நிச்சயம் வைத்துத் தட்டு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. தட்டு மாற்றுவது என்றால் சும்மா இல்லை. வெற்றிலை பாக்குத் தட்டு இரண்டு வீட்டுக்கும் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எவன் பின்வாங்கினாலும் ஊர் காறித் துப்பும்.

இந்த லட்சணத்தில்தான் முதலை வந்தது. ஐப்பசி மழையில் கொள்ளிடம் பெருகி ஊருக்குள் தண்ணீர் ஏறியபோது கூடவே அதுவும் ஏறி எங்கள் குளத்தில் தங்கிவிட்டது. முதலில் வாத்துகள் காணாமல் போயின. பிறகு நாய். பிறகு மேலத்தெருவில் ஒரு சினை ஆடு. ஆடு போன அன்றைக்கு ஊரே குளக்கரையில் நின்று அழுதது. அதற்கப்புறம் ஒருத்தரும் குளத்தில் கால் வைக்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே பயந்தார்கள், வழி குளத்தை ஒட்டித்தான் போகிறது. நாங்களும் பயந்துதான் கிடந்தோம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் வனவர் அந்தோணிசாமி ஆட்களோடு வந்தார். அவர் காட்டிலாகாவில் பாதி வாழ்க்கையை முதலை பிடித்தே கழித்த மனிதர். குளத்தை வடித்து, வலை போட்டு, ஒரு திங்கட்கிழமை காலையில் அதைக் கரையேற்றிவிட்டார்கள். வாயைக் கட்டி, கண்ணுக்கு ஈரச்சாக்கு போட்டு, வேப்பமரத்தடியில் கிடத்தினார்கள். பத்தடி இருக்கும். வண்டி வருவதற்கு மத்தியானம் ஆகும் என்றார் அந்தோணிசாமி. அந்த மத்தியானம்தான் எங்களுக்கு வினையாகப் போனது.

என் அப்பா ராஜமாணிக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர். பதவி போனாலும் பேனர் போகவில்லை. காதுகுத்தா, பேனர். மஞ்சள் நீராட்டா, பேனர். தெருக்குழாயில் பைப்பு மாற்றினார்களா, அதற்கும் கை கூப்பியபடி ஒரு பேனர். எங்கள் ஊருக்குள் நுழைகிறவன் மாரியம்மனைப் பார்ப்பதற்கு முன்பு என் அப்பாவைத்தான் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் கண்ணெதிரே பத்தடி முதலை கிடக்கிறது, ஊரே கூடியிருக்கிறது, கையில் அரை நாள் இருக்கிறது. சும்மா இருப்பாரா?

"சார், இத எங்க கொண்டு போயி வுடுவீங்க?" என்று அந்தோணிசாமியைக் கேட்டார்.

"தும்பையேரிங்க. பெரிய ஏரி, மீன் ஜாஸ்தி. ஏற்கெனவே ஏழெட்டு அங்கதான் வுட்டிருக்கோம்."

வேறு எவனாக இருந்தாலும் இந்த இடத்தில் ஐயோ என்று தலையில் கை வைத்திருப்பான். என் அப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது என்று அம்மா பிறகு சொன்னாள். பைக்கை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பறந்தார். வண்டி வருவதற்குள் பேனரோடு திரும்பி வந்துவிட்டார்.

அந்த பேனர் எனக்கு மனப்பாடம். நடுவில் முதலை. அதன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். கீழே என் அப்பா, கை கூப்பியபடி. மேலே எழுத்து: "நாணல்படுகை தந்த மாவீரன், குளத்தின் நாயகன், எங்கள் சம்பந்தி ஊராம் தும்பையேரிக்குப் புறப்படுகிறார். சீர்வரிசையாக அனுப்பி மகிழ்கிறோம்." இரண்டு மூலையிலும் சின்ன வட்டத்துக்குள் இரண்டு படம். ஒன்று சேரன். இன்னொன்று நான், ஆபீஸ் அடையாள அட்டைக்காக எடுத்த போட்டோ, தூக்கம் வந்த கண்ணோடு.

அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் இதில் கொடுமை. சம்பந்தி ஊருக்குப் பெருமை சேர்க்கிறோம் என்று நெஞ்சார நினைத்தார். முதலைக்கு மாலை போட்டார். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். வாலில் மஞ்சள் தடவி, ஒரு துணிச்சல்காரி நெற்றி என்று தோன்றிய இடத்தில் குங்குமம் வைத்தாள். பறை அடித்து, வெடி போட்டு, வண்டி ஊர் எல்லையைத் தாண்டுகிறவரைக்கும் கூடவே ஓடினார்கள். "என்னோட சர்வீஸ்ல முதலைக்கு வாழைப்பழம் குடுத்த ஊரு இதாங்க" என்று அந்தோணிசாமி சொன்னாராம். அப்பா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது சாயந்திரம். கோர்ட்டில் என் பக்கத்து மேஜை ரேகா போனை நீட்டினாள்.

"சத்யா, இது நீதானே?"

பார்த்தேன். முதலைக்குப் பக்கத்தில் நான். வாட்ஸ்ஆப்பில் அது சிதம்பரம், புவனகிரி, சேத்தியாத்தோப்பு எல்லாம் சுற்றிவிட்டுக் கடலூருக்கு வந்திருந்தது. எங்களுக்கே வந்திருக்கிறது என்றால் தும்பையேரிக்கு எப்போதோ போயிருக்கும்.

அன்றைக்கே சின்னம்மாள் என் அப்பாவுக்குப் போன் போட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"யோவ், பொண்ணு குடுக்கறேன்னு சொல்லிட்டு முதலையக் குடுத்துருக்கியே, நீ மனுசனா?"

"சம்பந்தி, அது வந்து, நாங்க ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையா? என் காலுக்கு வந்து மரியாதை சொல்லச் சொல்லு அத. எங்க ஊருதான் ஒங்களுக்குக் குப்பமேடா? எங்கியோ கடிக்கிறத எல்லாம் கொண்டாந்து எங்க தண்ணில கொட்டுவீங்க, நாங்க மேளம் கொட்டி வாங்கிக்கணுமா? தோ பாரு, அத வந்து அள்ளிக்கிட்டுப் போ. அதுக்கப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம்."

போன் வைக்கப்பட்டது. அப்பா கொஞ்ச நேரம் போனையே பார்த்துவிட்டு, "டவர் இல்ல போலருக்கு" என்றாராம்.

சேரனுக்கு நான் போன் செய்தேன். "எங்கம்மா சொன்னா சொன்னதுதாங்க" என்றார். "ஆனா நான் எங்கயும் போவல." போஸ்ட் மரத்தின் உச்சியில் இருந்துகொண்டு பேசினார் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கேயும் போக முடியாத இடம்தான் அது.

மறுநாள் அப்பா நேரே அந்தோணிசாமியிடம் போய் நின்றார். முதலையைத் திரும்பப் பிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அந்தோணிசாமி சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

"ஐயா, இது இன்னா ஜவுளிக் கடையா, புடிக்கலன்னா ரெண்டு நாள்ல மாத்திக்க? அது தண்ணிக்குள்ள போயிருச்சு. அங்க இருக்கிறதுல ஒங்களுது எதுன்னு எனக்கே தெரியாது."

"நெத்தியில குங்குமம் இருக்கும் சார்."

அந்தோணிசாமி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அடுத்து அப்பாவும் அம்மாவும் தும்பையேரிக்கே போனார்கள். வாசலில் இவர்களை எதிர்கொண்டவர் அருள்முருகன். சின்னம்மாளின் தம்பி, சேரனுக்குத் தாய்மாமன். ஊரில் யார் வீட்டுச் சண்டையானாலும் அதைத் தன் வீட்டுச் சண்டையாக எடுத்துக்கொள்கிற நல்ல மனசுக்காரர். அவர் வாசலோடு நிறுத்தி, ஒரு சொம்பு தண்ணீர்கூடக் கொடுக்காமல், "முதலை எங்க?" என்று மட்டும் கேட்டார். திரும்பி வருகிறபோது பஸ்ஸில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வழியில் இருந்த தன் பேனர்களை எல்லாம் பார்க்காத மாதிரி வந்திருக்கிறார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது. ஆனால் ராத்திரி ஹாஸ்டல் கட்டிலில் படுத்தால் இரக்கம் போய்விடும். எனக்குப் பிடித்த ஒரே ஒருத்தரை ஒரு பிளெக்ஸ் பேனர் கொண்டுபோகிறதே என்று அழுகை வரும்.

தை பிறந்தது. நிச்சயத்துக்கு என்று குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நான் ஊரில்தான் இருந்தேன். சமையல் இல்லை, உறவு இல்லை. சேரனுக்கு என்று அம்மா முன்பே எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டி சட்டை பீரோவில் கிடந்தது. காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தொடர்ந்து அடித்தார்கள்.

வெளியே வந்து பார்த்தால் ஒரு மினி லாரி. முன்னால் பேனர் கட்டியிருந்தது. "எங்கள் சம்பந்தி ஊராம் நாணல்படுகைக்கு, தும்பையேரி மக்களின் அன்பான எதிர்சீர்." கீழே அருள்முருகனின் படம், கை கூப்பியபடி. என் அப்பாவுடைய பேனரில் இருந்த அதே போஸ். லாரியின் பின்னால் பெரிய கம்பிக்கூண்டு. கூண்டு நிறைய குரங்கு.

தும்பையேரியில் குரங்குத் தொல்லை தாங்காமல் ஆள் வைத்துக் கூண்டில் பிடித்து வைத்திருந்தார்களாம். எங்கே கொண்டுபோய் விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. நியாயம்தானே, பிடிக்காததைச் சம்பந்தி ஊருக்கு அனுப்பும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தது நாங்கள்தான்.

லாரியிலிருந்து வெள்ளை வேட்டியில் இறங்கினார் அருள்முருகன். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவர். கேலி செய்வதென்றாலும் முறைப்படி செய்ய வேண்டும் என்று வந்திருந்தார். கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, தேங்காய், பழம். ஒன்று குறையவில்லை. ஊரே கூடிவிட்டது.

"வாங்கிக்குங்க சம்பந்தி," என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க குடுத்தீங்க. நாங்க சும்மா இருந்தா நல்லாருக்குமா?"

அப்பா கல்லாக நின்றார். கை நீளவில்லை. அப்போது வீட்டுக்குள்ளிருந்து அம்மா வந்தாள். என் அம்மா மாரியம்மாளுக்கு அறுபது வயசு. அறுபது வருஷமாக அவள் கையில் ஊறியது ஒன்று உண்டு, மஞ்சள் குங்குமத்தோடு ஒருத்தர் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். எதிரியாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். நீட்டியிருந்த தட்டைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போனாள்.

அங்கேயும் நிற்கவில்லை அந்தக் கை. வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அதே கையில் ஊறியதுதான். சாமி ரூமில் தேங்காய் பழத்தை எடுத்து வைத்துவிட்டு, வெற்றிலை பாக்கை மாற்றி வைத்து, பீரோவைத் திறந்து கண்ணில் பட்ட பட்டு வேட்டி சட்டையையும் வைத்து, நேரே வாசலுக்கு வந்து அருள்முருகனிடம் நீட்டினாள். அவரும் இதே மண்ணில் பிறந்த மனிதர்தானே. ஒரு பொம்பளை தட்டை நீட்டுகிறாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, லேசாகக் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிவிட்டார்.

தெரு முழுக்க அவர் கையில் இருந்த தட்டையே பார்த்தது. கூண்டுக்குள் குரங்குகூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

முதலில் விஷயம் புரிந்தது அப்பாவுக்கு.

"தட்டு மாத்தியாச்சு!" என்று கத்தினார். "ஊரே பாத்துச்சு! தட்டு மாத்தியாச்சுடா!"

அருள்முருகன் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். கீழே போடவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. சேரனுடைய அளவுக்கு எடுத்த சட்டை அவர் கையில் இருக்கிறது, ஊர் சாட்சிக்கு நிற்கிறது. "இல்ல சம்பந்தி, நாங்க வந்தது வந்து, கொரங்குக்காக..." என்று இழுத்தார். அப்பா அதற்குள் அவரைக் கட்டிப் பிடித்துவிட்டார். லாரிக்காரன் இதுதான் சமயம் என்று கூண்டைத் திறந்துவிட்டான். குரங்குகள் எங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வந்த முதல் விருந்தாளிகளாக வாழைத்தோப்புக்குள் போய்ச் சேர்ந்தன. சாப்பாட்டுக்கு இலை போடாத குறை அவர்களுக்குத் தெரியவில்லை.

செய்தி கேட்டு அந்தோணிசாமி வந்தபோது, பந்தலே இல்லாத எங்கள் வாசலில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கூரை மேல் உட்கார்ந்திருந்த குரங்கையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதலைய எடுத்துக்கிட்டுப் போனேன். இப்ப கொரங்கு வந்துருக்கு. எனக்குத் தெரியாம ரெண்டு ஊரும் எதுனா கடை கிடை வச்சிருக்கீங்களா?"

"கேசரி சாப்புடுங்க சார்" என்றார் அப்பா.

ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது, நிச்சயம் ஆகிவிட்டது. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. சின்னம்மாளுக்கு விருப்பமில்லாமல், குரங்குக் கூண்டுக்கு முன்னால் நடந்த நிச்சயத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி அந்த வீட்டில் நுழைவது? அந்த யோசனையில் இருக்கும்போதே அவரிடமிருந்து போன் வந்தது. எனக்கே நேராக.

"தட்ட என் தம்பி வாங்கிட்டு வந்துட்டான். அறிவுகெட்டவன். அத வுடு. நீ இங்க வா. ஒங்கப்பன் வரக் கூடாது. நீ வந்து ஏரியப் பாரு."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சேரன் காத்துக்கொண்டிருந்தார். பைக்கில் போனோம். வழியெல்லாம் இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. "பயமா இருக்காங்க?" என்று ஒரு முறை கேட்டார். இருக்கிறது என்றேன். "எனக்கும்தான்" என்றார்.

சின்னம்மாள் ஏரிக்கரையில் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து தாமரை இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, கனத்த குரல். என்னை உட்காரச் சொல்லவில்லை. எதிரே ஏரியைக் காட்டினார். தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு மேடு. மேட்டில் மூன்று நாலு முதலைகள் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தன.

"ஒங்க ஊருது எதுன்னு தெரியுதா?"

"தெரியல அத்த." அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

"எனக்கும் தெரியல." புடவையை முழங்கால் வரைக்கும் தூக்கினார். இடது காலின் கெண்டைச் சதை இருக்க வேண்டிய இடத்தில் குழியாக இருந்தது. தோல் பளபளவென்று இழுத்து ஒட்டியிருந்தது. "இதக் கடிச்சது எந்த ஊர்லேருந்து வந்ததுன்னும் தெரியாது. நாலஞ்சு வருசம் முந்தி ஒரு நாளு தாமர பறிக்க எறங்குனேன். முந்துன வாரம்தான் கொண்டாந்து வுட்டுருக்காங்க. எனக்கு யாரு சொன்னா? கல்லுன்னு நெனச்சி மிதிச்சேன்."

எங்கள் ஊரில் அது தின்றது ஓர் ஆடு, ஒரு நாய், கொஞ்சம் வாத்து. அது போன அன்றைக்கு வெடி போட்டுக் கும்மாளம் அடித்தோம். போன இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தரும் நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"எங்கப்பா செஞ்சது தப்புதான் அத்த. அந்த பேனர்..."

"அந்த பேனர்தான்டி நல்லது பண்ணுச்சு" என்று வெடுக்கென்று சொன்னார். "இத்தினி வருசத்துல எத்தினி வுட்டாங்க. ஒண்ணாவது சொல்லிட்டு வுட்டாங்களா? ஒங்கப்பன் ஒருத்தன்தான் தேதி போட்டு, பேரு போட்டு, போட்டோ போட்டு அனுப்புனான். போன்ல பாத்தேன். அன்னிலேருந்து நான் தண்ணில எறங்கல, கரையில நின்னு தொரட்டியால இழுத்துத்தான் பறிக்கிறேன். இந்தக் கரையில எவளையும் எறங்க வுடல."

"அப்ப ஏன் அத்த அப்பாவ அப்பிடித் திட்டுனீங்க?"

"பின்ன யாரத் திட்டறது? வண்டி வருது, கொட்டிட்டுப் போவுது. வண்டிக்கு மூஞ்சி இருக்கா? ஒங்கப்பனுக்குத்தான் மூஞ்சி இருந்துச்சு. அதுவும் அம்மாம் பெருசா."

சேரன் சிரித்துவிட்டார். அவர் அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்தக் காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தொடவில்லை. அவர் தொட விடுகிற ஆள் இல்லை என்று தெரிந்தது.

பைக்கில் வருகிறபோதே மனசுக்குள் ஒன்று கூட்டிக்கழித்து வைத்திருந்தேன். அந்தக் காலைப் பார்த்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அத்த, கடலூர்ல வூடு பாக்கலாம்னு இருக்கேன். மஞ்சக்குப்பத்துல. குழாயில தண்ணி வரும். நீங்களும் எங்ககூட வந்துருங்களேன். வர்றீங்களா?"

அவர் கையில் இருந்த தாமரை இலையைக் கீழே வைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஏரிக்கரையில் இதுவரை யாரும் யாரையும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. ரொம்ப நேரம் யோசித்தார். வருவதாகச் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"வரமாட்டேன்" என்றார்.

"ஏன் அத்த?"

"நான் ஏன் போவணும்? இது என் ஏரி. முன்னாடி வந்தது நானா, அதுவா? என் எரும எங்க குளிக்கும், ஒன் பாத்ரூம்லயா?" இலையை மறுபடி எடுத்துத் தட்டி அடுக்கினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா நீ கேட்ட. கேட்டியே, அது போதும்."

அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார். "சரி, நான் ஒன்ன ஒண்ணு கேக்கறேன். நீ இங்க வந்து இருக்கியா?"

என்னை இந்தக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான். என் அப்பா கேட்கவில்லை, அம்மா கேட்கவில்லை, பேசி முடித்த பெரியவர்கள் ஒருத்தரும் கேட்கவில்லை. ஏரியைப் பார்த்தேன். மேட்டில் இருந்ததில் ஒன்று மெதுவாகத் தண்ணீருக்குள் சறுக்கி இறங்கியது. எங்கள் ஊருடையதாகக்கூட இருக்கலாம். மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடலாம்தான். அவர் எனக்குப் பொய் சொல்லவில்லையே.

"வரமாட்டேன் அத்த" என்றேன்.

சின்னம்மாள் முதல் முறையாகச் சிரித்தார். முன்பல் ஒன்று இல்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் காட்டி, "ஒக்காரு" என்றார். "ஒங்கம்மாவ நாள் பாக்கச் சொல்லு. மாசி மாசமே வச்சிக்கலாம்."

உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு கட்டாகத் தாமரை இலை அடுக்கத் தொடங்கினோம். கடலூரில் பெண்டாட்டியும், தும்பையேரியில் அம்மாவும், நடுவில் சிதம்பரத்தில் கம்பமுமாக இனி காலம் முழுக்க பஸ்ஸில் நிற்கப்போகிற சேரன் பைக்கில் சாய்ந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.